நெயூம்: ஒரு நாட்டுக்கே கடல் காட்டும் சிற்றூர் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குரோஷியாவின் வரைபடத்தில் அட்ரியாடிக் கடற்கரையோரமாக விரலை வைத்து ஸ்ப்ளிட்டிலிருந்து தெற்கே இழுத்துக்கொண்டு போனால், டுப்ரோவ்னிக் வருவதற்கு முன் ஓரிடத்தில் நாடு அறுபட்டு மீண்டும் தொடங்கும். நடுவில் கடலைத் தொடும் அந்தச் சின்னத் துண்டு போஸ்னியா ஹெர்சகோவினாவுடையது. அதில் இருக்கும் ஒரே ஊர் நெயூம். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், டுப்ரோவ்னிக்குக்குச் சுற்றுலா போகிறவர்கள், வரைபடத்தைப் பார்த்துக் குழம்பியவர்கள் என்று பலரும் இதைப் பற்றிக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் பதில்களையும் ஒரே இடத்தில் தருகிறேன்.

போஸ்னியா நிலம்சூழ் நாடுதானே? பழைய வினா–விடைப் புத்தகத்தில் அப்படித்தான் பார்த்தேன்.

இல்லை. போஸ்னியாவுக்குக் கடற்கரை உண்டு, அதன் நீளம் சுமார் 20 கி.மீ. கடலைத் தொடும் நாடுகளில் மொனாக்கோவுக்கு அடுத்தபடியாக மிகக் குறுகிய கரை இதுதான். தேர்வில் கேட்டால் "நிலம்சூழ் நாடு அல்ல" என்றே எழுதுங்கள். ஆனால் அந்த நாட்டின் ஏற்றுமதி, இறக்குமதியைப் பார்க்கிறவருக்கு அது ஏறக்குறைய நிலம்சூழ் நாடாகத்தான் தெரியும். ஏன் என்பது கீழே வரும் பதில்களில் இருக்கிறது.

20 கி.மீ. என்கிறீர்கள். ஆனால் நெடுஞ்சாலையில் போனால் சில நிமிடங்களிலேயே முடிந்துவிடுகிறதே?

கரை நேர்கோடாக இல்லாததுதான் காரணம். ஊருக்கு எதிரே க்ளெக் என்ற ஒல்லியான தீபகற்பம் கடலுக்குள் நீண்டு கிடக்கிறது. நெயூம் விரிகுடா அந்தத் தீபகற்பத்துக்கும் ஊருக்கும் இடையே ஒடுங்கியிருக்கிறது. தீபகற்பத்தின் இரு பக்கக் கரையையும் ஊர்ப்பக்கக் கரையையும் வளைவு நெளிவோடு அளந்தால்தான் 20 கி.மீ.க்கு மேல் வரும். நெடுஞ்சாலை வழியாக ஓர் எல்லைச் சாவடிக்கும் மற்றதற்கும் இடையே 9 கி.மீ. அளவுதான்.

இந்தத் துண்டு போஸ்னியாவுக்கு எப்படிக் கிடைத்தது?

வெனிஸ் மீது டுப்ரோவ்னிக்குக்கு இருந்த பயத்தால் கிடைத்தது.

இன்றைய டுப்ரோவ்னிக் அன்று ரகூசா என்ற தனிக் குடியரசு. கப்பல் வாணிபத்தில் கொழித்த சின்ன நாடு அது. பெரிய படை கிடையாது. சுற்றிலும் இரண்டு வல்லரசுகள்: நிலத்தில் உதுமானியப் பேரரசு (போஸ்னியா அன்று அதன் பகுதி), கடலில் வெனிஸ். ரகூசா உதுமானியருக்கு ஆண்டுதோறும் 12,500 டூக்கட் பொற்காசு திறை கட்டி, அதற்கு ஈடாக பால்கன் உள்நாடு முழுவதும் வாணிபம் செய்யும் உரிமையைப் பெற்றிருந்தது. வாணிபத்தில் போட்டியாளரான வெனிஸோ அந்த ஊரையே விழுங்கக் காத்திருந்தது.

17ஆம் நூற்றாண்டின் கடைசியில் உதுமானியருக்கும் ஐரோப்பியக் கூட்டணிக்கும் நடந்த நீண்ட போரில் வெனிஸ் ரகூசாவின் முதுகுப்புறத்து நிலங்களைப் பிடித்துக்கொண்டது. இப்படியே விட்டால் நாலா பக்கமும் வெனிஸ் சூழ்ந்துவிடும், உள்நாட்டு வாணிபம் செத்துவிடும் என்று ரகூசா அஞ்சியது. 1699இல் கார்லோவிட்ஸ் உடன்படிக்கை கையெழுத்தானபோது, ரகூசாவுக்கும் உதுமானிய நாட்டுக்கும் இடையிலான நிலத்தொடர்பு அறுபடக் கூடாது என்பதும் அதில் இடம்பெற்றது. ரகூசாவின் வடக்கே நெயூம்–க்ளெக், தெற்கே கோட்டோர் வளைகுடா அருகே சுடோரினா என்று இரண்டு நிலத்துண்டுகள் உதுமானியர் கையில் கடல்வரை நீண்டு வந்தன. வெனிஸும் ரகூசாவும் எங்கும் நேருக்கு நேர் எல்லையைப் பகிரவில்லை. 1718இல் பாசரோவிட்ஸ் உடன்படிக்கையும் இதையே உறுதிப்படுத்தியது.

ஆக, நெயூமைக் கடலுக்குக் கொண்டுவந்தது கடல் ஆசை அல்ல. ஒரு சின்னக் குடியரசு தன் உயிரைக் காத்துக்கொள்ள இரண்டு பக்கமும் வேலி போட்டுக்கொண்டது. அந்தக் குடியரசை நெப்போலியனின் படை 1808இல் கலைத்துவிட்டது. வெனிஸ் அதற்கும் முன்பே, 1797இலேயே வீழ்ந்திருந்தது. வேலி மட்டும் இன்றுவரை நிற்கிறது. உலக வரைபடத்தில் இத்தனை வயதான எல்லைகள் நிறைய இல்லை என்பதால், எனக்கு இந்தக் கோட்டின் மீது தனி மரியாதை உண்டு.

மூன்று நூற்றாண்டில் யாரும் அதை அழிக்கவில்லையா?

அழிக்கவில்லை. ஆனால் பயன்படாமல் செய்தார்கள். 1815க்குப் பிறகு இரு பக்கக் கரையும் ஆஸ்திரியாவின் கைக்குப் போயின. க்ளெக் மட்டும் உதுமானியரிடம் தனித்து நின்றது. அதற்குப் போகும் கடல்வழி தன்னுடையது என்று ஆஸ்திரியா அடித்துச் சொன்னது. 1875இல் ஹெர்சகோவினாவில் உதுமானிய ஆட்சிக்கு எதிராக மக்கள் எழுந்தபோது, படைகளை க்ளெக்கில் இறக்க உதுமானியர் ஆஸ்திரியாவின் தயவை நாட வேண்டியிருந்தது. முதலில் அனுமதி கிடைத்தது. அடுத்த ஆண்டே கதவு சாத்தப்பட்டது. சொந்தக் கரையில் சொந்தப் படையை இறக்க அடுத்தவரிடம் கேட்டு நிற்க வேண்டிய நிலை! இன்றைய சிக்கலின் வேர் அங்கேயே தெரிகிறது.

1878இல் பெர்லின் மாநாட்டுக்குப் பின் போஸ்னியா முழுவதும் ஆஸ்திரியா–ஹங்கேரியின் ஆளுகைக்குள் போனது. 1908இல் முறையாகவே இணைத்துக்கொண்டார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின் யூகோஸ்லாவியா என்ற ஒரே நாட்டுக்குள் இருந்த போஸ்னியா, குரோஷியா முதலான குடியரசுகளுக்கு எல்லை வகுத்தபோது போஸ்னியாவுக்குப் பழைய 1878 எல்லையே அடிப்படையானது. நெயூம் அதனால் போஸ்னியாவிலேயே தங்கியது. தெற்கே இருந்த சுடோரினா மட்டும் மான்டினீக்ரோவுக்குப் போய்விட்டது. போஸ்னியாவுக்கு இன்னொரு கடல்வாசல் இருந்திருக்கலாம் என்ற ஆதங்கம் அங்கே சிலருக்கு உண்டு. ஆனால் 2015இல் போஸ்னியாவும் மான்டினீக்ரோவும் கையெழுத்திட்ட எல்லை ஒப்பந்தத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

யூகோஸ்லாவியா உடைந்தபோது போஸ்னியாவில் நடந்த 1992–95 போரில் நெயூம் என்ன ஆனது?

தலைநகர் சரயேவோவும் மோஸ்டார் நகரமும் பட்ட பாடு நெயூமுக்கு வரவில்லை. போர் முழுவதும் அது போஸ்னிய குரோவாட் (போஸ்னியாவில் வாழும் குரோஷிய இனத்தவர்) படைகளின் கட்டுப்பாட்டில் இருந்தது. ஆனால் 1993இல் நாட்டை மூன்றாகப் பிரிக்கும் திட்டம் பேசப்பட்டபோது, கடல்வாசல் யாருக்கு என்பது பெரிய முட்டுக்கட்டையாக நின்றது. கடலுக்கு ஒரு வழி வேண்டும் என்று போஸ்னியாக் (போஸ்னிய முஸ்லிம்) தரப்பு விடாமல் கேட்டது. 1995இல் போரை முடித்த டேட்டன் உடன்படிக்கையில் நாடு ஒரே நாடாகத் தொடர்ந்தது. நெயூம் இப்போது நாட்டின் இரு பெரும் பகுதிகளில் ஒன்றான கூட்டமைப்புப் பகுதியில், மோஸ்டாரைத் தலைமையிடமாகக் கொண்ட ஹெர்சகோவினா–நெரெட்வா கன்டோனில் (மாவட்டம் போன்ற பிரிவு) இருக்கிறது.

கடல் இருந்தும் அங்கே துறைமுகம் ஏன் இல்லை?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கரை இருப்பது வேறு, துறைமுகம் இருப்பது வேறு. சரக்குத் துறைமுகத்துக்குக் கப்பல் அணையும் ஆழமான கரை மட்டும் போதாது. சரக்கைக் குவித்து வைக்கச் சமதளம் வேண்டும், உள்நாட்டுக்கு ரயில் வேண்டும், பெரிய லாரிகள் ஏறி இறங்கும் சாலை வேண்டும். நெயூமில் கரையிலிருந்தே மலை எழும்பிவிடுகிறது. ஊரே சரிவில் தொற்றிக்கொண்டிருக்கிறது. ரயில் கிடையாது, முதுகுப்புறத்தில் சுண்ணாம்புக்கல் மலைகள். உள்நாட்டு ஸ்டோலாட்ஸ் நகரத்துக்குப் போகும் சாலையே அண்மைக் காலத்தில்தான் நல்லபடியாகப் புதுப்பிக்கப்பட்டது.

போஸ்னியாவுக்கு இயற்கை தந்த கடல்வழி நெரெட்வா ஆற்றுப் பள்ளத்தாக்கு. மலைகளுக்கு நடுவே சரயேவோ பக்கத்திலிருந்து மோஸ்டார் வழியாகக் கடலுக்கு இறங்கும் ஒரே நல்ல வழி அது. அந்த ஆறு கடலில் கலக்கும் இடம் குரோஷியாவில் இருக்கிறது. அங்கே இருப்பதுதான் ப்ளோச்சே துறைமுகம். 1966இல் சரயேவோ–ப்ளோச்சே ரயில்பாதை திறக்கப்பட்டபோது எல்லாம் ஒரே யூகோஸ்லாவியா. துறைமுகம் எந்தக் குடியரசில் இருக்கிறது என்று யாரும் கவலைப்படவில்லை. ஸெனிட்ஸா உருக்காலைக்குத் தேவையான மூலப்பொருள் அவ்வழியாகத்தான் ஏறியது. நாடு உடைந்ததும் தன் துறைமுகம் போஸ்னியாவுக்கு வெளிநாட்டுத் துறைமுகமாகிவிட்டது. நெயூமிலிருந்து மலைமுனையைச் சுற்றிப் போனால் எட்டிப்பிடித்துவிடும் தூரம்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை என்பார்களே, அந்த நிலை.

1998இல் இரண்டு நாடுகளும் ஒரு பேச்சுக்கு வந்தன. போஸ்னியா ப்ளோச்சேயைத் தடையின்றிப் பயன்படுத்தலாம், அதற்கு ஈடாக குரோஷியர்கள் நெயூம் வழியாகத் தடையின்றிப் போய்வரலாம் என்ற திட்டம். நியாயமான கொடுக்கல் வாங்கல்தான். ஆனால் எழுதியபடி நடைமுறைக்கு வரவில்லை. பால்கனில் நழுவவிட்ட நல்ல வாய்ப்புகளில் இதுவும் ஒன்று என்பேன். இரண்டு அரசுகளும் அன்றே இதை நிறைவேற்றியிருந்தால், பாலம் குறித்துப் பின்னால் வந்த கசப்பில் பாதி வந்திருக்காது.

நெயூமிலிருந்து ஒரு கப்பல் யாரையும் கேட்காமல் திறந்த கடலுக்குப் போக முடியுமா?

குரோஷியக் கடலைத் தொடாமல் போக முடியாது. ஊருக்கு எதிரே க்ளெக். அதைத் தாண்டினால் மாலி ஸ்டோன் கால்வாய். அதற்கு அப்பால் சுவர்போல் நீண்டு கிடக்கும் பெல்யேஷாட்ஸ் தீபகற்பம். கப்பல் வடமேற்கே திரும்பி, அந்தத் தீபகற்பத்தின் முனையைச் சுற்றிக்கொண்டுதான் வெளியேற வேண்டும். யூகோஸ்லாவியா காலத்தில் வெளித்தீவுகளை இணைத்து வரைந்த நேர் அடிக்கோட்டை (கடல் எல்லையை அளக்கத் தொடங்கும் கோடு) குரோஷியா அப்படியே ஏற்றுக்கொண்டிருக்கிறது. அதன்படி தீவுகளுக்கு உள்ளே இருக்கும் தண்ணீரெல்லாம் குரோஷியாவின் உள்நாட்டு நீர்.

போஸ்னியாவின் வாதம், "கடற்கரை நாடான எனக்குத் திறந்த கடலுக்குப் போகும் உரிமை உண்டு, அது யார் தயவாலும் வருவதல்ல" என்பது. குரோஷியாவோ, தீங்கற்ற போக்குவரத்தை, அதாவது கேடு செய்யாமல் கடந்துபோகும் கப்பலை, தான் தடுக்கவில்லையே என்கிறது. வழக்கறிஞர்கள் இதில் ஐ.நா. கடல் சட்ட ஒப்பந்தத்தின் பிரிவுகளைப் பிய்த்துப் பிய்த்து வாதிடுவார்கள். இன்றைக்கு அங்கே பெரிய கப்பல் எதுவும் வந்து நிற்கவில்லை; ஆகவே சண்டை பெரும்பாலும் காகிதத்தில்தான். இருந்தாலும், உரிமையைப் பயன்படுத்தவில்லை என்பதற்காக அது இல்லாமல் போய்விடாது என்பதே என் கருத்து.

கடல் எல்லையாவது முடிவாகிவிட்டதா?

1999இல் குரோஷிய அதிபர் துஜ்மானும் போஸ்னியத் தலைவர் இஸெட்பெகோவிச்சும் எல்லை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். நாடாளுமன்ற ஒப்புதல் கிடைக்காமல் அது கிடப்பில் போய்விட்டது. சிக்கல் சின்னது: க்ளெக் தீபகற்பத்தின் முனையும், பக்கத்தில் உள்ள வேலிகி ஷ்கோய், மாலி ஷ்கோய் என்ற இரண்டு குட்டித் தீவுகளும் யாருக்கு என்பது. ஆள் குடியிருக்காத பாறைகள். ஆனால் பாறை யாருடையதோ, அதைச் சுற்றியுள்ள கடலின் நடுக்கோடும் அவர்கள் பக்கம் நகரும்.

பெல்யேஷாட்ஸ் பாலத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அது ஏன் இவ்வளவு பேசப்பட்டது?

பாலத்துக்கு முன்னால் நிலைமை இப்படி இருந்தது. குரோஷியாவுக்குள்ளேயே ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குச் சாலைவழி போகும் ஒருவர், நடுவில் வெளிநாட்டுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும். க்ளெக் பக்கம் ஒரு சாவடி, ஸாட்டோன் டோலி பக்கம் ஒரு சாவடி. பேருந்தில் போலீஸ்காரர் ஏறி பாஸ்போர்ட்டைப் பார்ப்பார். பத்து நிமிடப் பயணம் முடிந்ததும் மறுபடி அதே சடங்கு. ஆகஸ்ட் மாத வெயிலில் வண்டிகள் நீண்ட வரிசையில் நிற்கும். டுப்ரோவ்னிக் மாவட்டத்து மக்களுக்கு இது ஆண்டு முழுதும் எரிச்சல். 2013 ஜூலை 1இல் குரோஷியா ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்ததும் சிக்கல் கூடியது. ஒன்றியத்தின் ஒரு பகுதியிலிருந்து இன்னொரு பகுதிக்கு இறைச்சியும் பாலும் ஏற்றிப்போகும் லாரி, நடுவில் ஒன்றியத்துக்கு வெளியே போகிறது! அதற்காகவே தனி ஏற்பாடு செய்தார்கள்: லாரிக்கு முத்திரை வைத்து, நுழைந்த நேரத்தைக் குறித்துக்கொண்டு, மறுமுனையில் முத்திரை உடையாமல் வந்திருக்கிறதா என்று பார்ப்பது.

எனவே நெயூமைத் தொடாமல், அதற்கு வடமேற்கே கொமார்னாவிலிருந்து பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தின் பிரியெஸ்டாவுக்குக் கடல்மேல் பாலம் கட்ட குரோஷியா முடிவு செய்தது. முதல் முயற்சி பணமில்லாமல் 2012இல் கைவிடப்பட்டது. பிறகு ஐரோப்பிய ஒன்றியம் 35 கோடியே 70 லட்சம் யூரோ தர முன்வந்தது. ஸ்லோவேனியப் பொறியாளர் மார்யான் பிபென்பாஹர் வடிவமைத்தார். சீன நிறுவனம் ஒன்று 2018இல் வேலையைத் தொடங்கியது. 2022 ஜூலை 26 அன்று பாலம் திறக்கப்பட்டது.

நீளம் 2,404 மீட்டர். ஆறு கோபுரங்களிலிருந்து வடங்கள் இறங்கி தளத்தைத் தாங்குகின்றன. கட்டுமானத்தின் உண்மையான சவால் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் இருந்தது. அங்கே கடலின் ஆழம் 27 மீட்டர் அளவுதான். ஆனால் அதன் கீழே பாறை கிடைக்கும்வரை கனத்த சேறு. 130 மீட்டர் அளவு நீளமுள்ள எஃகுக் குழாய்களைக் கடலடியில் அறைந்து இறக்கித்தான் அடித்தளம் போட்டார்கள். நிலநடுக்கம் வரும் பகுதி, "பூரா" என்ற கொடுங்காற்று மலையிலிருந்து இறங்கி அடிக்கும் பகுதி. இரண்டுக்கும் தாக்குப்பிடிக்க வேண்டும்.

போஸ்னியாவின் அச்சம் உயரத்தைப் பற்றியது. பாலம் தாழ்வாக இருந்தால், நாளை நெயூமுக்குப் பெரிய கப்பல் வர நினைத்தால் முடியாதே? முதல் திட்டத்தில் கடல்மட்டத்திலிருந்து 35 மீட்டர்தான் இடைவெளி. போஸ்னியா எதிர்த்தபின் 55 மீட்டராக உயர்த்தினார்கள். கடல் எல்லையே முடிவாகாதபோது பாலம் கட்டலாமா என்று போஸ்னியாக் தலைவர்கள் கடைசிவரை கேட்டார்கள். போஸ்னியாவிலேயே குரோவாட் கட்சிகளோ பாலத்தை ஆதரித்தன. ஒரே நாட்டுக்குள் இரு குரல். அந்த நாட்டின் அரசியலை அறிந்தவர்களுக்கு இது வியப்பாக இருக்காது.

பாலம் வந்ததால் நெயூம் நொடிந்துபோய்விட்டதா?

வழிப்போக்கரை நம்பிய வியாபாரம் அடிபட்டது. முன்பெல்லாம் டுப்ரோவ்னிக் பேருந்துகள் நெயூமில் சாலையோர உணவகத்தில் நிற்கும். கழிவறை, ஒரு காபி, ஒரு பெட்டி சிகரெட், கொஞ்சம் மளிகை, டேங்க் நிறைய பெட்ரோல். குரோஷியாவில் மதிப்புக்கூட்டு வரி 25 சதவீதம், போஸ்னியாவில் 17. பக்கத்து ஊர்க்காரர்களும் வந்து வாங்கிப்போவார்கள். பாலம் திறந்ததும் அந்தக் கூட்டத்தில் பெரும்பகுதி மேலே பறந்துவிட்டது.

ஆனால் ஊர் அதை மட்டும் நம்பியதல்ல. சரயேவோ, ஸெனிட்ஸா, பன்யா லூக்கா பக்கத்திலிருந்து கோடையில் குடும்பம் குடும்பமாக வருகிறவர்கள் கடலுக்காக வருகிறார்கள், வழிக்காக அல்ல. அவர்களுக்குப் பாலம் ஒரு பொருட்டே இல்லை. லாரிகள் குறைந்தது நல்லது என்று கூடச் சொல்லலாம். கோடை நெரிசலில் ஊருக்குள் நடக்கவே கஷ்டப்பட்ட காலம் போயிருக்கிறது.

ஊர் பார்க்க எப்படி இருக்கும்? டுப்ரோவ்னிக் போல இருக்குமா?

அந்த எதிர்பார்ப்போடு போகாதீர்கள். பழைய கோட்டை, பளிங்குத் தெரு எதுவும் இல்லை. 1960களில் அட்ரியாடிக் நெடுஞ்சாலை வந்த பிறகு வளர்ந்த ஊர். பெரிய ஓட்டல்களும் வாடகை வீடுகளும் சரிவில் அடுக்கடுக்காக ஏறியிருக்கின்றன. மேலே சாலை, கீழே கடல். நடுவே படிக்கட்டுகள், மேலும் படிக்கட்டுகள். வயதானவர்களோடு போகிறவர்கள் அறை எடுக்கும்போது "கடலிலிருந்து எத்தனை மீட்டர்" என்று மட்டும் கேட்காதீர்கள். எத்தனை படி என்று கேளுங்கள். 100 மீட்டர் தூரம் என்று விளம்பரத்தில் இருப்பது நடந்தால் ஐந்து மாடி ஏறுவதாக இருக்கலாம்.

கடற்கரை கூழாங்கல்லும் காங்கிரீட் மேடையும் கலந்தது. மணல் எதிர்பார்க்க வேண்டாம்; ரப்பர் செருப்பு கொண்டுபோங்கள். ஆனால் தண்ணீர்! க்ளெக் தீபகற்பம் அலையைத் தடுத்துவிடுவதால் விரிகுடா பெரும்பாலும் அசையாமல் கிடக்கும். சிறு பிள்ளைகளுக்கு நீச்சல் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல கடல் அந்தக் கரையில் குறைவு. மாலையில் எதிர்க்கரை மலைகள் நீலமாகி, கரையோரத்தில் வறுத்த மீன் வாசமும் வாடகைப் படகுகளின் இரைச்சலுமாக இருக்கும்.

உள்ளே மலைமேல் ஹுட்டோவோ என்ற கிராமம் உண்டு. அங்கே உதுமானியக் காலத்துக் கோட்டை வீடு ஒன்று நிற்கிறது. ஸ்டோலாட்ஸ் வரை போனால் ராதிம்ல்யாவில் இடைக்காலக் கல்லறைக் கற்கள் இருக்கின்றன. "ஸ்டெச்சி" எனப்படும் இவ்வகைக் கற்கள் 2016இல் உலக மரபுச் சின்னமாயின. கை உயர்த்தி நிற்கும் மனிதன் செதுக்கிய கல் அங்கே புகழ்பெற்றது. கடலோரத்திலேயே ஒரு வாரம் கிடப்பவர்கள் ஒரு நாளையாவது இதற்கு ஒதுக்கலாம்.

கடல் சுத்தமா? அங்கே சிப்பி சாப்பிடலாமா?

மாலி ஸ்டோன் விரிகுடா சிப்பி வளர்ப்புக்குப் பெயர்போனது. நெரெட்வா ஆற்றின் நன்னீரும் நிலத்தடி ஊற்றுகளும் கடலோடு கலப்பதால் அங்கே உப்பு அளவும் ஊட்டமும் சிப்பிக்கு ஏற்றபடி அமைகின்றன. மிதவைகளில் கயிறு கட்டி, அதில் சிப்பியைத் தொங்கவிட்டு வளர்க்கிறார்கள். பூண்டு, வெள்ளை ஒயின், ஆலிவ் எண்ணெய் போட்டு வேகவைத்த மட்டி அந்தப் பக்கத்து வீட்டுச் சமையல், பெயர் "பூஸாரா".

சிப்பிக்கு அழுக்குத் தண்ணீர் ஆகாது. இவ்வளவு ஓட்டல்களின் கழிவுநீரை அந்த மூடிய விரிகுடாவில் விட்டால் எல்லாம் பாழாகும். அதற்காக யூகோஸ்லாவியா காலத்திலேயே ஒரு ஏற்பாடு செய்தார்கள்: நெயூம் பகுதிக் கழிவுநீரைச் சுத்திகரித்து, பெல்யேஷாட்ஸ் தீபகற்பத்தைக் கடத்தி, அப்பால் உள்ள ம்ல்யெட் கால்வாயில் ஆழத்தில் விடும் குழாய்த் திட்டம். இன்று அந்தக் குழாய் இரண்டு நாடுகளைக் கடக்கிறது. எல்லையில் எவ்வளவு பிணக்கு இருந்தாலும் சாக்கடையும் சிப்பியும் இரு நாட்டையும் சேர்ந்து உழைக்க வைக்கின்றன. எனக்கு நெயூமின் கதையிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

அங்கே யார் வாழ்கிறார்கள்? என்ன பணம்?

2013 கணக்கெடுப்பின்படி நகராட்சி முழுவதும் சேர்த்து 4,653 பேர். அவர்களில் நூற்றுக்கு 97 பேருக்கு மேல் குரோவாட்டுகள். பலரிடம் குரோஷியக் குடியுரிமையும் உண்டு. நாணயம் மாற்றத்தகு மார்க். ஒரு யூரோவுக்கு 1.95583 மார்க் என்று நிலையாகக் கட்டிவைத்திருக்கிறார்கள். ஊரில் யூரோவும் ஓடும்.

இந்திய பாஸ்போர்ட்டோடு டுப்ரோவ்னிக் போகிறேன். நெயூம் வழியாகப் போனால் சிக்கலா?

இதில் மட்டும் கவனமாக இருங்கள். குரோஷியா 2023 ஜனவரி 1 முதல் ஷெங்கன் பகுதியில் (தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாத ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) இருக்கிறது, போஸ்னியா இல்லை. நெயூமுக்குள் நுழைந்த நொடியே நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. உங்களிடம் இருப்பது ஒருமுறை மட்டும் நுழையும் விசா என்றால் மறுமுனையில் திரும்ப உள்ளே விடமாட்டார்கள். அப்படிப்பட்டவர்கள் பாலம் வழியாகவே போகவேண்டும். டாக்சி, வாடகை வண்டி ஓட்டுநரிடமும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பழக்கத்தில் பழைய சாலையைப் பிடித்துவிடப் போகிறார்.

பலமுறை நுழையும் ஷெங்கன் விசா செல்லுபடியாக இருந்தால் போஸ்னியா பொதுவாகத் தனி விசா கேட்பதில்லை. குறுகிய காலம் தங்கலாம். விதி மாறக்கூடியது என்பதால் டிக்கெட் எடுக்குமுன் தூதரக இணையதளத்தைப் பாருங்கள். வாடகைக் காரில் போனால், போஸ்னியாவுக்குள் ஓட்ட அனுமதியும் பச்சை அட்டைக் காப்பீடும் (வெளிநாட்டிலும் செல்லும் வண்டிக் காப்பீடு) இருக்கிறதா என்று நிறுவனத்திடம் கேட்டுக்கொள்ளுங்கள். திரும்பும்போது இறைச்சி, பாலாடைக்கட்டி எதையும் எடுத்துவராதீர்கள். ஐரோப்பிய ஒன்றிய எல்லையில் பறிமுதல் செய்வார்கள்.

எப்படிப் போவது, எப்போது போவது?

டுப்ரோவ்னிக்கிலிருந்தும் மோஸ்டாரிலிருந்தும் ஏறக்குறைய ஒரே தூரம்: 70 கி.மீ. அளவு. சரயேவோவிலிருந்து சுமார் 200 கி.மீ. ரயிலில் வருகிறவர்கள் சாப்லினாவில் இறங்கிச் சாலைவழி வரவேண்டும். கூட்டமும் விலையும் பிடிக்காதவர்கள் ஜூனிலோ செப்டம்பரிலோ போகலாம்.

இதுபோல ஒரே ஊரை நம்பிக் கடலைத் தொடும் நாடுகள் வேறு உண்டா?

ஜோர்டானுக்கு அகாபா. 1965இல் சவூதி அரேபியாவோடு நிலத்தை மாற்றிக்கொண்டு தன் கரையை நீட்டித்துக்கொண்டது. அகாபா இன்று முழுமையான துறைமுகம். காங்கோ மக்களாட்சிக் குடியரசு இந்தியாவின் முக்கால் பங்குக்கு இருக்கும் பெரிய நாடு. அதற்குக் கடற்கரை 40 கி.மீ.கூட இல்லை. ஸ்லோவேனியாவுக்கு 47 கி.மீ. கரை, அதில் கோப்பர் துறைமுகம் அந்த நாட்டின் பெரிய வருமானங்களில் ஒன்று. கரை குறுகியது என்பது மட்டுமே குறையல்ல என்பதற்கு இவை சான்று.

என்றாவது நெயூமில் சரக்குத் துறைமுகம் வருமா?

போஸ்னியாவில் தேர்தல் காலத்தில் இந்தப் பேச்சு எழும். பொறியியலால் முடியாதது என்று எதுவும் இல்லை. மலையைக் குடைந்து ரயில் கொண்டுவரலாம், கடலைத் தூர்த்து மேடு கட்டலாம். ஆனால் அவ்வளவும் செய்தால் சிப்பி வளரும் விரிகுடா போய்விடும், குளிக்க வருகிற குடும்பங்களும் போய்விடும். மிஞ்சுவது, பக்கத்திலேயே பள்ளத்தாக்கும் ரயிலும் உள்ள ப்ளோச்சேயோடு போட்டி போட முடியாத ஒரு துறைமுகம். அந்தப் பணத்தை சரயேவோ–ப்ளோச்சே ரயில்பாதையைச் சீராக்கவும், துறைமுகத்தில் போஸ்னியச் சரக்குக்கு நிலையான உரிமையை ஒப்பந்தமாகப் பெறவும் செலவிடுவதுதான் அந்த நாட்டு மக்களுக்கு நல்லது. 1998இல் எழுதிய தாள் இன்னும் இருக்கிறது, அதிலிருந்து தொடங்கலாம். கூடவே க்ளெக் முனையின் எல்லையையும் முடித்துக்கொண்டால், நெயூம்காரர்கள் கோடை விருந்தினரைக் கவனித்துக்கொண்டு நிம்மதியாக இருப்பார்கள்.